ஏலமலை அடிவாரத்தில் அரசு வீட்டுவசதி: தலையீட்டின் காரணங்களும் இடம்மாறிய பொறுப்பும்

ஆய்வுச் சுருக்கம்

ஏழை மக்களின் வீட்டுவசதியில் அரசு தலையிடுவதற்குப் பொதுச் சுகாதாரம், தொழிலாளர் தேவை, சாதிவழி மனையுரிமை மறுப்பு, சந்தையின் போதாமை ஆகியன காரணங்களாகக் கூறப்படுகின்றன. தேனி மாவட்டத்தின் தேவாரம், போடிநாயக்கனூர் ஆகிய ஏலமலை அடிவார ஊர்களுக்கு இக்காரணங்கள் எவ்வளவு பொருந்துகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தோட்டத் தொழிலாளருக்கு வீடு வழங்கும் கடமையை 1951 ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளியிடம் ஒப்படைத்தது. மாநில எல்லையும் அன்றாடப் பயணமும் அக்கடமையை மலையிலிருந்து இறக்கி, அடிவாரத்திலுள்ள தொழிலாளர் குடும்பத்தின் மீதும் தமிழ்நாட்டு அரசின் வீட்டுத் திட்டங்களின் மீதும் சுமத்தியுள்ளன. இந்த இடமாற்றமே இப்பகுதியில் அரசுத் தலையீட்டின் பேசப்படாத காரணம் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: வீட்டுவசதி, ஏலமலை, தேவாரம், போடிநாயக்கனூர், தோட்டத் தொழிலாளர் சட்டம், வீட்டுமனைப் பட்டா, பேரூராட்சி.

முன்னுரை

உணவு, உடை, உறையுள் என மூன்றையும் ஒருசேரச் சொல்வது தமிழ் மரபு. முதல் இரண்டும் நாள்தோறும், ஆண்டுதோறும் ஈட்டிக்கொள்ளத் தக்கவை. உறையுள் அவ்வாறன்று. அதற்கு நிலம் வேண்டும். நிலத்தின் மீது உரிமை வேண்டும். பல ஆண்டு வருவாயை ஒரே நேரத்தில் முடக்கும் வசதி வேண்டும். கூலி உழைப்பாளர் ஒருவருக்கு இம்மூன்றும் ஒருங்கே வாய்ப்பது அரிது. அரசு இவ்விடத்தில் நுழைகிறது. ஆயினும் 'இல்லாதவர்க்கு அரசு தருகிறது' என்னும் விளக்கத்துடன் நிறைவடைந்துவிட்டால், இல்லாமை எவ்வாறு உண்டாயிற்று, அதைத் தீர்க்கும் பொறுப்பு முதலில் யாருடையதாக இருந்தது என்னும் வினாக்கள் எழாமற் போகும்.

தேவாரம், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உத்தமபாளையம் வட்டத்தில் அமைந்த பேரூராட்சி. அதன் வடக்கே போடிநாயக்கனூரும் தெற்கே பண்ணைப்புரம், கோம்பை முதலிய ஊர்களும் மலையை ஒட்டி அமைந்துள்ளன. மலையின் மறுபுறம் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். அங்குள்ள ஏலத் தோட்டங்களில் இவ்வூர் மக்கள் தலைமுறைகளாக உழைத்து வருகின்றனர். வேலை செய்யும் இடம் ஒரு மாநிலத்திலும் வீடு மற்றொரு மாநிலத்திலும் அமைந்த இந்நிலை, அரசுத் தலையீட்டின் காரணங்களை ஆராய்வதற்குரிய களமாக இப்பகுதியை ஆக்குகிறது.

தலையீட்டின் பொதுக் காரணங்கள்

ஏழைகளின் வீடு அரசின் கவலையாக மாறியதற்கு முதற்காரணம் இரக்கம் அன்று, அச்சம். 1896 இல் பம்பாயில் பரவிய பிளேக் நோயை அடுத்து, 1898 இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. நெருக்கமான குடியிருப்பில் தோன்றும் நோய் அங்கேயே தங்கிவிடாமல் வணிகத்தையும் துறைமுகத்தையும் தாக்கும் என்பதை அரசு உணர்ந்ததன் விளைவு அது. இங்கிலாந்தில் முதல் உலகப்போர் முடிந்ததும் 1919 இல் இயற்றப்பட்ட வீட்டுவசதிச் சட்டம், உள்ளாட்சிகள் வாடகை வீடுகளைக் கட்டுவதற்கு நடுவண் அரசின் நிதியுதவியை உறுதிசெய்தது. போரிலிருந்து திரும்பிய வீரரின் மனக்குறை கிளர்ச்சியாக மாறிவிடக் கூடாது என்னும் அரசியல் முன்னெச்சரிக்கையும் அதன் பின்னே இருந்தது.

சென்னை மாகாணத்திலும் இதே போக்கைக் காணலாம். 1920 ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, 1945 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிச் சென்னை நகர மேம்பாட்டு அறக்கட்டளை தோன்றியது. 1961 இல் வீட்டுவசதி வாரியம் அதன் இடத்தைப் பெற்றது. குடிசை மாற்று வாரியம் 1970 இல் தோன்ற, 1971 இல் குடிசைப் பகுதிகள் சட்டம் இயற்றப்பட்டது. விடுதலைக்குப் பின் நடுவண் அரசு 1952 இல் தொழிற்சாலைத் தொழிலாளருக்கான மானிய வீட்டுத் திட்டத்தையும், 1956 இல் தோட்டத் தொழிலாளருக்கான வீட்டுத் திட்டத்தையும் கொண்டுவந்தது. இவ்விரண்டிலும் உற்பத்திக்கு வேண்டிய உழைப்பாளரை ஓரிடத்தில் நிலைநிறுத்தும் நோக்கம் வெளிப்படை.

சுகாதாரக் காரணம் நகரங்களுக்கு மட்டும் உரியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பதிற்றாண்டுகளில் கம்பம் பள்ளத்தாக்கு பிளேக் நோய்க்குள்ளான பகுதியாக இருந்தது. ஜார்ஜ், வெப்ஸ்டர் ஆகிய இருவர் இப்பள்ளத்தாக்கில் மேற்கொண்ட பிளேக் ஆய்வு 1934 இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது. எலியும் அதன் தெள்ளுப்பூச்சியும் நோயைப் பரப்பும் நிலையில், தானியம் சேமிக்கப்படும் வீடு, மண்சுவரின் எலிவளை, கூரையின் இடுக்கு ஆகியன மருத்துவ ஆராய்ச்சிக்குரிய பொருள்களாயின. ஒருவர் வீட்டின் நிலை அடுத்தவர் உயிரைப் பாதிக்கும் என்னும் கருத்து, பொருளியல் நூல்களில் புறவிளைவு எனப் பெயர் பெறுவதற்கு முன்பே இப்பள்ளத்தாக்கில் அனுபவமாக இருந்தது.

மனையும் சாதியும்

தமிழகச் சிற்றூர்களைப் பொறுத்தவரை வீட்டுச் சிக்கல் என்பது கட்டடச் சிக்கலாக அன்றி மனைச் சிக்கலாகவே தொடங்கியது. பண்ணை நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த உழவுக் கூலிகள், நிலவுடைமையாளர் விரும்பாதபோது வெளியேற வேண்டியவர்களாக இருந்தனர். கூலி உயர்வு கேட்பவரின் குடியிருப்பே பறிபோகும் நிலையில், மனை என்பது உழைப்பாளரைக் கட்டுப்படுத்தும் கருவியாயிற்று. 1920 ஆம் ஆண்டையொட்டிச் சென்னை மாகாணத்தில் உருவான தொழிலாளர் ஆணையர் அலுவலகம், ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு வீட்டுமனை பெற்றுத்தருவதைத் தன் முதன்மைப் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது இப்பின்னணியிலேயாகும். தேவையான இடங்களில் 1894 ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டமும் இதற்குப் பயன்பட்டது.

இத்தொடர்ச்சி விடுதலைக்குப் பின்னும் நீண்டது. குடியிருப்பு மனைகளில் வாழ்ந்த உழவர்க்கும் உழவுத் தொழிலாளர்க்கும் அம்மனைகளை உரிமையாக்கும் சட்டம் 1971 இல் வந்தது. ஆதிதிராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகம் 1974 இல் தொடங்கப்பட்டது. ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் கையகப்படுத்துவதற்கெனத் தனிச் சட்டம் 1978 இல் இயற்றப்பட்டது. பட்டியல் சாதியினருக்கு மனை வழங்குவதற்காக உத்தரப் பிரதேசத்தில் நிலம் எடுக்கப்பட்டதை எதிர்த்த சமேலி சிங் வழக்கில், உறைவிட உரிமை வாழ்வுரிமையின் கூறு என உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் இவ்வரலாற்றின் பகுதியே. தலையீட்டின் காரணம் இங்கு வறுமை மட்டுமன்று. பணம் இருந்தாலும் மனை விற்கப்படாத சாதிச் சந்தையும் ஒரு காரணம்.

போடிநாயக்கனூர் வட்டாரத்தில் 1989 இல் சாதிக் கலவரம் வெடித்தது. 1990களின் நடுப்பகுதியில் தென்மாவட்டங்கள் பலவற்றில் மோதல்கள் தொடர்ந்தன. இச்சூழலில் 1997 இல் அறிவிக்கப்பட்ட சமத்துவபுரத் திட்டம், 100 வீடுகளில் 40 ஆதிதிராவிடருக்கும் 25 பிற்படுத்தப்பட்டோருக்கும் 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் 10 ஏனையோருக்கும் எனப் பகிர்ந்தது. முதல் சமத்துவபுரம் 1998 இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. சமூக அமைதியை வீட்டின் அமைவிடத்தால் உருவாக்க முயன்றது என்ற வகையில், இத்திட்டம் நோய்த்தடுப்பு, தொழிலாளர் தேவை ஆகியவற்றிலிருந்து வேறுபட்ட காரணத்தைக் கொண்டது.

அடிவார ஊர்களின் நில அமைப்பும் இங்குக் கருதத்தக்கது. 1895 இல் முல்லைப் பெரியாற்று அணை பயன்பாட்டுக்கு வந்தபின் கம்பம் பள்ளத்தாக்கின் பாசன நிலங்கள் பெருமதிப்புப் பெற்றன. மேற்கே காப்புக்காடு; கிழக்கே பாசன வயலும் தோப்பும்; இடையே குறுகிய மேட்டுநிலம். விலை மிகுந்த நிலத்தைக் கூலிக் குடும்பம் வாங்க இயலாது. காட்டு நிலத்தில் குடியேறச் சட்டம் இடம்தராது. எனவே நத்தமும் புறம்போக்கும் மட்டுமே அவர்களுக்குரிய இடமாக எஞ்சின. சந்தை இங்குத் தவறி நிற்கவில்லை. தன் இயல்பின்படி செயற்பட்டே அவர்களை வெளியே நிறுத்தியது.

தோட்டமும் வீடும்

மேற்கண்ட காரணங்கள் தமிழகத்தின் பிற பகுதிகளுக்கும் பொருந்துவன. ஏலமலை அடிவாரத்துக்கே உரிய காரணத்தை அறியத் தோட்டத் தொழிலின் சட்டத்தை நோக்க வேண்டும்.

1951 ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 15 ஆம் பிரிவு, தொழிலாளருக்கும் அவர்தம் குடும்பத்துக்கும் வேண்டிய வீட்டை அமைத்துப் பேணுவது ஒவ்வொரு முதலாளியின் கடமை என்றது. தோட்டத்துக்குள் வாழ்வோர் மட்டுமல்லர். தோட்டத்துக்கு வெளியே வாழ்ந்து ஆறு மாதம் தொடர்ச்சியாக வேலை செய்தவரும், தோட்டத்தில் குடியிருக்க எழுத்துவழி விருப்பம் தெரிவித்தால் வீடு பெறத் தகுதியுடையவர். அரசு தன் செலவில் வீடு கட்டித்தருவதற்கு மாறாக, உழைப்பால் பயன்பெறுபவரே அதற்குப் பொறுப்பு என்னும் கொள்கை இதில் அடங்கியுள்ளது. தொலைவான மலையில் தோட்டம் அமைத்தவர்கள் தொழிலாளரை அங்கேயே தங்கவைக்க லயங்களைக் கட்டிய பழைய நடைமுறையை, இச்சட்டம் தொழிலாளரின் உரிமையாக மாற்றியது.

ஆனால் இச்சட்டம் முதலில் தேயிலை, காப்பி, இரப்பர், சின்கோனா ஆகிய பயிர்களையே குறித்தது. ஏலம் அதில் இடம்பெற்றது 1981 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகத்தான். அத்திருத்தமே 5 ஹெக்டேரும் அதற்கு மேலும் பரப்புடைய, 15 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தோட்டங்களைச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்தது. ஆகவே தேயிலைத் தொழிலாளர் பெற்ற சட்ட உரிமையை ஏலத் தொழிலாளர் எட்டுவதற்கு 30 ஆண்டுகள் சென்றன. அதன் பின்னரும் 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறுதோட்டங்கள் வரம்புக்கு வெளியே நின்றன. ஏலச் சாகுபடியில் சிறுதோட்டங்கள் மிகுதி என்பதால் இவ்விலக்கு சிறியதன்று.

பயிரின் இயல்பும் இதற்குத் துணைநின்றது. பறித்த தேயிலைக் கொழுந்தை அன்றே ஆலைக்கு அனுப்ப வேண்டும். ஆண்டு முழுதும் பறிப்பு உண்டு. எனவே நிலையான குடியிருப்பு தேயிலைத் தோட்டத்தின் தேவையாகவே அமைந்தது. ஏலத்தில் காய் எடுக்கும் பருவத்தில் ஆள்தேவை பெருகும். பிற காலத்தில் சுருங்கும். ஆண்டு முழுதும் வீடும் குடிநீரும் தந்து தொழிலாளரை வைத்திருப்பதைவிட, வேண்டிய நாளில் அழைத்துக்கொள்வது தோட்ட உடைமையாளருக்குச் சிக்கனமாயிற்று.

எல்லையும் அன்றாடப் பயணமும்

திருவிதாங்கூர் அரசின் காலத்திலேயே ஏலமலைக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கும் இடையே தொழிலும் வணிகமும் நிலவின. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு இணைந்தன. அவ்வட்டங்களைத் தமிழ்நாட்டுடன் சேர்க்க வேண்டும் எனத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. அங்குள்ள தமிழர் பலர் வந்து செல்லும் தொழிலாளர், நிலையாகக் குடியிருப்போர் அல்லர் என்னும் எதிர்வாதம் அப்போது முன்வைக்கப்பட்டது. உழைப்பவர் உழைக்குமிடத்தில் குடியிருப்பவராகக் கருதப்படுகிறாரா என்னும் வினா, எல்லை வரைவு அரசியலிலும் வீட்டின் வடிவில் இடம்பெற்றது என்பது சுட்டத்தக்கது.

மலைச்சாலைகள் மேம்பட்டபின் அன்றாடப் பயணம் வழக்கமாயிற்று. விடியுமுன் அடிவார ஊர்களிலிருந்து ஜீப்புகள் புறப்படுகின்றன. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய வழிகளில் எல்லையைக் கடந்து தோட்டங்களை அடைகின்றன, மாலையில் திரும்புகின்றன. இப்பயணிகளுள் பெண்கள் மிகுதி. தேவாரத்திலிருந்து நேரே மேலேறும் சாக்குலூத்து மெட்டுச் சாலைக்கான கோரிக்கை நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருவதும் இப்போக்குவரத்தின் முதன்மையைக் காட்டும்.

ஜீப்பு இங்கு வெறும் ஊர்தியன்று, லயத்துக்கு மாற்று. தொழிலாளர் மாலையில் வீடு திரும்புவதால் தோட்டத்தில் வீட்டுக்குரிய தேவை எழுவதில்லை. அங்குக் குடியிருக்க எழுத்துவழி விருப்பம் தெரிவிக்கும் பேச்சுக்கே இடமில்லை. நாட்கூலியாகத் தோட்டம் மாறி வேலை செய்பவர் ஆறு மாதத் தொடர்ச்சியைக் காட்டுவதும் கடினம். 1979 ஆம் ஆண்டு மாநிலம் விட்டு மாநிலம் புலம்பெயர் தொழிலாளர் சட்டம் தங்குமிடத்துக்கு வழிசெய்தாலும், அது ஒப்பந்தக்காரர் வழியாகச் சேர்க்கப்பட்டோரையே கருதியது. நாள்தோறும் எல்லை கடந்து திரும்புபவர் அச்சட்டத்தின் பார்வையில் புலம்பெயர்ந்தவரும் அல்லர். தோட்டச் சட்டத்தின் பார்வையில் அங்குக் குடியிருப்பவரும் அல்லர்.

இரு மாநில நிர்வாகங்களுக்கும் இந்நிலை பொருந்திவருகிறது. தோட்டச் சட்டத்தைச் செயற்படுத்தும் அதிகாரம் தோட்டம் அமைந்த கேரளத்துக்கு உரியது. கேரள அரசின் லைஃப் திட்டம் அம்மாநிலக் குடும்ப அட்டையை அடிப்படையாகக் கொண்டது. குடும்ப அட்டையும் வாக்குரிமையும் தேவாரத்தில் உள்ளவர் அங்கு விண்ணப்பிக்க இயலாது. தமிழ்நாட்டு அரசோ அவரை வீடற்ற ஏழைக் குடிமகனாக மட்டுமே காண்கிறது. வீடு தரும் கடமையுள்ள முதலாளி ஒருவர் அவருக்கு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்பதைத் திட்டப் பதிவேடுகள் கருதுவதில்லை.

ஏலக்காய்க்கு இந்நிலை இல்லை. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இடுக்கி மாவட்டத்தின் புற்றடியிலும் தமிழ்நாட்டின் போடிநாயக்கனூரிலும் நடைபெறுகிறது. விளைபொருள் எல்லை கடந்து விற்பனையாவதற்கு நடுவண் நிறுவனம் ஒன்று இருக்கிறது. அதை விளைவிக்கும் உழைப்பாளரின் வீட்டைக் குறித்து இரு மாநிலங்களையும் இணைக்கும் அமைப்பு ஏதும் இல்லை.

பேரூராட்சி என்னும் வகைப்பாடு

பொறுப்பு அடிவாரத்துக்கு இறங்கியபின், அதை ஏற்கும் அரசுத் திட்டங்கள் இவ்வூர்களுக்கு எவ்வாறு வந்தன என்பது அடுத்த வினா. தேனி மாவட்டம் 1996 இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்தது. அதில் 6 நகராட்சிகளும் 22 பேரூராட்சிகளும் 130 ஊராட்சிகளும் உள்ளன. தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை ஆகியன பேரூராட்சிகள். போடிநாயக்கனூர், கம்பம், கூடலூர் ஆகியன நகராட்சிகள். ஆகவே தோட்டத் தொழிலாளர் வாழும் ஊர்களில் பல, நிர்வாக நோக்கில் நகரப் பகுதிகள்.

தமிழகத்தின் பெரும் வீட்டுத் திட்டங்களோ ஊராட்சிகளை நோக்கியவை. 1985-86 இல் தொடங்கிய இந்திரா வீட்டுவசதித் திட்டம், 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் இலக்குடன் 2010 இல் வந்த கலைஞர் வீட்டுவசதித் திட்டம், 300 சதுர அடியில் ஆண்டுக்கு 60,000 வீடுகள் என 2011-12 இல் அறிவிக்கப்பட்ட சூரிய ஒளிப் பசுமை வீடுகள் திட்டம், 2024 இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் ஆகிய அனைத்தும் ஊரகத்துக்கு உரியவை. பேரூராட்சியில் வாழ்பவருக்கு 2015 இல் தொடங்கிய நகர்ப்புற வீட்டுவசதித் திட்டமே வாயில். கனவு இல்லத் திட்டத்தில் ஊராட்சிப் பயனாளி 3.50 லட்சம் ரூபாய் பெற, நகர்ப்புறத் திட்டத்தின் முதற்கட்டத்தில் தாமே வீடு கட்டிக்கொள்ளும் பயனாளிக்குக் கிடைத்த மானியம் 2.10 லட்சம் ரூபாய். ஒரே ஜீப்பில் மலையேறி ஒரே கூலி பெறும் இருவர், ஊரின் வகைப்பாட்டால் வேறுபடுகின்றனர்.

இவ்வகைப்பாடு இயற்கையானதன்று என்பதற்கு அண்மை வரலாறே சான்று. ஊரக வளர்ச்சிக்கான நடுவண் நிதியைப் பெறும் நோக்கில் 2004 இல் தமிழக அரசு 561 பேரூராட்சிகளைச் சிறப்பு ஊராட்சிகளாக அறிவித்தது. 2006 இல் அவை மீண்டும் பேரூராட்சிகளாயின. இரண்டாண்டு இடைவெளியில் ஊரின் தோற்றமோ மக்களின் தொழிலோ மாறவில்லை. மாறியது அரசின் நிதிவழி மட்டுமே.

நகர்ப்புறத் திட்டத்தில் மானியம் பெறச் சொந்த மனையும் அதற்குரிய ஆவணமும் வேண்டும். வருவாய் நிலையாணை 21 இன்படி வீட்டுமனை ஒப்படை பெற முடியும். ஆனால் ஓடைப் புறம்போக்கிலோ வனத்தை ஒட்டிய நிலத்திலோ குடியிருப்பவருக்கு அவ்வழி எளிதில் திறப்பதில்லை. ஆகவே வீட்டுத் திட்டம் மனையுள்ள ஏழைக்கு உதவுகிறது. மனையற்ற ஏழை வரிசையில் பின்தங்குகிறார். 1920களின் மனைச் சிக்கல் இன்று பட்டாச் சிக்கலாகத் தொடர்கிறது எனலாம்.

இதன் கூர்மையான வடிவம் மலைச்சரிவில் வாழும் பளியர் குடியிருப்புகளில் காணப்படுகிறது. போடிநாயக்கனூரை ஒட்டிய சிறைக்காடு முதலிய இடங்களில் பழங்குடியினர் வாழ்கின்றனர். 2023 இல் தொடங்கிய நடுவண் அரசின் ஜன்மன் திட்டம், மிகவும் நலிவுற்ற பழங்குடிக் குழுக்களுக்கு வீடு வழங்குகிறது. தமிழ்நாட்டில் அப்பட்டியலில் உள்ளோர் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு குழுவினர்; பளியர் அதில் இல்லை. மலையை முதலில் அறிந்த மக்கள் இத்திட்டத்தின் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றனர்.

இடம்மாறிய பொறுப்பின் இருமுகம்

முதலாளியின் கடமை அரசின் மீது விழுந்ததை இழப்பாக மட்டும் காண்பது முழுமையான பார்வையாகாது. தோட்ட வீடு வேலையோடு கட்டுண்டது. வேலை முடிந்தால் வீடும் போகும். திருநெல்வேலி மாவட்டம் மாஞ்சோலையில் 2024 இல் தோட்ட நிறுவனம் வெளியேறியபோது, தலைமுறைகளாக வாழ்ந்த தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழக்கும் நிலை ஏற்பட்டது. மூணாறு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு நிகழ்ந்த நிலச்சரிவு லயங்களை மூடி 70 உயிர்களைக் கொண்டது. வீடு இடிந்து விழுவதால் நேரும் விபத்துக்கு முதலாளியைப் பொறுப்பாக்கும் பிரிவுகளும் 1981 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டன. ஆயின் இயற்கைப் பேரிடரால் நேர்வதை அவை விலக்கின. இலங்கை மலையகத்தில் லயன் அறைகளில் முடங்கிய மக்களுக்குத் தனி வீடும் காணியும் வேண்டும் என்னும் கோரிக்கையும் இதே பட்டறிவிலிருந்து எழுந்தது. இந்திய அரசின் உதவியில் முதலில் 4,000 வீடுகளும், 2017 இல் மேலும் 10,000 வீடுகளும் அங்கு அறிவிக்கப்பட்டதைப் பொறுப்பு அரசின் கைக்கு மாறியதற்கான மற்றொரு சான்றாகக் கொள்ளலாம்.

இவற்றோடு ஒப்பிட, தேவாரத்தில் பட்டா பெற்ற சிறுவீடு ஒன்று உழைப்பாளருக்குத் தரும் வலிமை பெரிது. ஒரு தோட்டத்தில் கூலி குறைந்தால் மற்றொன்றுக்குச் செல்லலாம். முதுமையிலும் நோயிலும் வெளியேற்றப்படும் அச்சம் இல்லை. பிள்ளைகளின் பள்ளி மாறுவதில்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாற்று அணை குறித்த பதற்றம் மூண்டபோது, இடுக்கித் தோட்டங்களில் தங்கியிருந்த தமிழ்த் தொழிலாளர் பலர் தேனி மாவட்டத்துக்குத் திரும்பினர். 2020 இல் கொரோனாப் பொதுமுடக்கம் எல்லையை மூடியபோதும், கூலி நின்றவர்க்கு எஞ்சியது அடிவாரத்து வீடே. மலையில் உரிமையற்றிருந்தவர்க்கு ஒதுங்க இடம் தந்தது என்ற அளவில் அரசின் வீட்டுத் திட்டம் தன் பணியைச் செய்தது.

எனினும் இந்நன்மையின் செலவை யார் ஏற்கின்றனர் என்பது தனி வினா. வீட்டின் செலவு கூலியின் பகுதி. முதலாளி வீடு தராத இடத்தில் அச்செலவு கூலியில் சேர வேண்டும். சேராதபோது அது தொழிலாளர் குடும்பத்தின் கடனாகவும் அரசின் மானியமாகவும் பிரிகிறது. அவ்வகையில், தமிழ்நாட்டு வரிப்பணத்தில் அடிவாரத்தில் எழும் ஒவ்வொரு வீடும் மலைமேல் உள்ள ஏலத் தோட்டத்தின் உற்பத்திச் செலவில் ஒரு பகுதியையும் மறைமுகமாக ஏற்கிறது. தொழிலாளர் தேவைக்காக அரசு வீடு கட்டிய 1952 ஆம் ஆண்டுக் கொள்கை, இங்கு அறிவிக்கப்படாமலேயே நடைமுறையில் உள்ளது.

புதிய சட்டத் தொகுப்பும் பழைய இடைவெளியும்

2020 ஆம் ஆண்டுப் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்து, 1951 ஆம் ஆண்டுத் தோட்டச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. ஏலத் தோட்டத்துக்குரிய 5 ஹெக்டேர் என்னும் பரப்பு வரம்பு அதிலும் தொடர்கிறது. வீடு முதலிய வசதிகளை முதலாளி தம் சொந்த வளத்தாலோ, தோட்டம் அமைந்த இடத்துக்குரிய நடுவண், மாநில, உள்ளாட்சித் திட்டங்களின் வழியாகவோ வழங்கலாம் என அது இடமளிக்கிறது.

இம்மாற்றம் இருவகையில் கருதத்தக்கது. முதலாவது, தனியார் கடமையை அரசுத் திட்டத்தால் நிறைவேற்றலாம் என்னும் நடைமுறை இப்போது சட்டத்தின் ஏற்பைப் பெறுகிறது. இரண்டாவது, 'தோட்டம் அமைந்த இடம்' என்னும் வரையறை ஏலமலைக்குப் பொருந்திவரவில்லை. இங்குத் தோட்டம் அமைந்த இடம் உடும்பன்சோலை வட்டம்; தொழிலாளர் வாழுமிடம் தேவாரம். எந்த உள்ளாட்சி நடைமுறையில் சுமையைத் தாங்குகிறதோ அதைச் சட்டம் குறிப்பிடவில்லை. தோட்டத்தின் எல்லையால் வீட்டுப் பொறுப்பை அளக்காமல் தொழிலாளரின் வசிப்பிடத்தால் அளந்தால், தோட்ட உடைமையாளரிடமிருந்து வீட்டுக்குரிய பங்குத்தொகையைப் பெற்று அடிவார உள்ளாட்சிகளின் திட்டங்களுக்கு அளிக்கும் வழியைக் காணலாம். காய்க்கு உள்ள மாநிலங்களுக்கிடையிலான ஏற்பாடு, அதற்கு முன்மாதிரியாகவும் அமையக்கூடும்.

முடிவுரை

பொது வீட்டுவசதியில் அரசு தலையிடுவதற்கு நோய்த்தடுப்பு, தொழிலாளர் தேவை, சாதிவழி விலக்கம், சமூக அமைதி ஆகிய காரணங்கள் கால வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றினும், பின்னது முன்னதை நீக்கிவிடவில்லை. தேவாரம், போடிநாயக்கனூர் பகுதியில் இவையனைத்தும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. அவற்றோடு, தோட்ட முதலாளியின் சட்டக் கடமை அரசின் நலத்திட்டமாக மாறியது என்னும் காரணமும் சேர்கிறது. மாநில எல்லையும், சிறுதோட்ட வரம்பும், அன்றாட ஜீப்புப் பயணமும் இம்மாற்றத்தைக் கண்ணுக்குப் புலப்படாமல் வைத்துள்ளன.

காரணத்தைச் சரியாகப் பெயரிடுவது வெறும் ஆய்வுத் தேவையன்று. வீடு கருணையால் தரப்படுவதெனில், அதைப் பெறுபவர் மனையும் ஆவணமும் வகைப்பாடும் பொருந்தும்வரை காத்திருக்க வேண்டியவராகிறார். அது அவருடைய உழைப்பின் நிலுவை எனில், அதைக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. செலுத்தும் கடமை மலையின் இருபுறத்தாருக்கும் உண்டு. ஏலமலை அடிவாரத்தின் வீட்டு வரலாறு இவ்விரண்டாவது நிலையையே வலியுறுத்துகிறது.